எந்தப் பதிப்பை நம்புவது?

தமிழில் ‘பதிப்பு’ என்கிற சொல் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. உ.வே.சா. 1887ல் கொண்டுவந்த சீவக சிந்தாமணியும் பதிப்புதான். மடிக்கணினித் திரையின் மூலையில் வந்து நின்றுகொண்டு, புதிய பதிப்பு தயார், இப்போதே மறுதொடக்கம் செய்யட்டுமா என்று நச்சரிப்பதும் பதிப்புதான். கலைச்சொல் ஆக்கியவர்கள் சிக்கனத்துக்காகச் செய்திருக்கலாம். எனக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. ஒரு பழைய நூலின் பதிப்பைக் கையில் எடுக்கிற வாசகன் கேட்கும் கேள்விகளை அப்படியே ஒரு இயங்குதளத்திடமும் கேட்க முடிகிறது. மூலம் எது? அதில் யார் கை வைத்தார்கள்? வைத்ததைச் சொன்னார்களா, மறைத்தார்களா? அடுத்த பதிப்பு எப்போது வரும், அதுவரை இது தாங்குமா?

இயங்குதளங்களைப் பற்றி நாம் பேசும்போது இந்தக் கேள்விகள் அநேகமாக வருவதில்லை. எது வேகம், எது அழகு, எது இலவசம், எதில் கேம் ஓடும் என்று பேசுகிறோம். கடையில் போய் ‘ஸ்டேபிளா இருக்குமா அண்ணே’ என்று கேட்டால், ‘ஹேங் ஆகாது, தைரியமா எடுத்துட்டுப் போங்க’ என்பார். ஹேங் ஆகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஹேங் ஆனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், அவ்ளோதான். நேற்று ராத்திரி வைத்த பொருள் இன்று காலை வைத்த இடத்தில் இல்லை, இருந்தாலும் வேறு உருவத்தில் இருக்கிறது என்றால்தான் வேலை நாசம். நீண்ட நாள் ஓடும் சொந்த வேலைக்கு இயங்குதளம் தேர்வு செய்கிறவர்கள் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது விஷயத்துக்கு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘டைப் அடிக்கத்தானே, எதுவானால் என்ன’ என்று தோன்றும். நான் பெண்ணாடத்துக்காரன். விருத்தாசலத்திலிருந்து அரியலூர் போகும் ரயில்பாதையில் வெள்ளாற்றுப் பக்கம் இருக்கிற ஊர். சைவ இலக்கியம் படித்தவர்களுக்கு, சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் பிறந்த ஊர் என்றால் தெரியும். மற்றவர்களுக்கு ஜன்னலோரம் கடந்துபோன ஒரு மஞ்சள் பெயர்ப்பலகை. கோயிலின் பெயர் தூங்கானை மாடம். விமானத்தின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்குக்கும் அவற்றின் பழைய உரைகளுக்கும் சேர்த்து ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சொல், எந்த நூல், எந்தச் செய்யுள், உரைகாரர் அங்கே என்ன பொருள் சொன்னார். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை. பக்தியைவிடச் சொல் மேல் உள்ள பைத்தியம்தான் இதில் அதிகம். ‘மலம்’ என்கிற ஒரு சொல் இந்த நூல்களுக்குள் என்னென்ன ஆட்டம் ஆடியிருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கிற ஆசை.

பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய வேண்டும். ராத்திரி முழுக்க ஓசிஆர் ஓடும். காலையில் எழுந்து, அது ‘ர’வை ‘ா’ என்றும் ‘ா’வை ‘ர’ என்றும் படித்து வைத்திருப்பதைக் கையால் திருத்த வேண்டும். பிறகு சொற்களைப் பிரித்து, எண்ணி, அகரவரிசையில் அடுக்கி, கடைசியில் புத்தகமாக அச்சுக் கோக்க வேண்டும். வருஷக்கணக்கான வேலை. இதில் எனக்கு ரொம்ப சாதாரணமாகத் தெரிந்த ஒரு சின்ன விஷயம்தான் இயங்குதளத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வைத்தது: அகரவரிசை.

*

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையும் ஒன்றல்ல. தமிழுக்கான இடம், இந்திய மொழிகளை எல்லாம் ஒரே சட்டகத்தில் வைத்த இஸ்கி என்கிற பழைய குறியீட்டைப் பின்பற்றி ஒதுக்கப்பட்டது. அதனால் அங்கே ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வரும். ‘ர’வை ஒட்டி ‘ற’ வரும். ‘வ’வுக்கு முன்பே ‘ள’வும் ‘ழ’வும் வந்து உட்கார்ந்திருக்கும். ‘ஜ’ ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில். இன்னும் மோசம், புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் ‘க்’ என்பது ‘கௌ’வையும் தாண்டிப் போய் நிற்கும். கணினியை வெறுமனே ‘அடுக்கு’ என்று சொன்னால் இந்தக் கணக்கில்தான் அடுக்கும். அகராதியை இந்த வரிசையில் அச்சடித்தால் தமிழ் வாத்தியார்கள் வீடு தேடி வருவார்கள்.

சரியான தமிழ் வரிசையைத் தருவது இயங்குதளத்தின் வேலை. ஒவ்வொரு மொழிக்கும் எழுத்து எப்படி அடுக்கப்பட வேண்டும் என்ற விதிப்பட்டியல் அதன் அடிவயிற்றில் ஒரு நூலகக் கோப்பில் இருக்கிறது. நாம் பார்ப்பதே இல்லை. லினக்ஸில் அந்த நூலகத்தின் பெயர் ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் அதன் 2.28 பதிப்பு வந்தபோது பல மொழிகளின் அடுக்கு விதிகள் ஒரே மூச்சில் மாற்றி எழுதப்பட்டன. தரவுத்தளம் நடத்துகிறவர்கள் பதறிப்போனார்கள். பழைய வரிசையை நம்பிக் கட்டப்பட்ட சுட்டுப்பட்டியல்கள், இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், இருக்கிற பதிவையே ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய நிலை. யாரும் தப்பு செய்யவில்லை. நல்ல எண்ணத்தோடு, ஒரு சர்வதேசத் தரத்தின் புதிய வடிவத்துக்கு மாறினார்கள். ஆனால் அந்த மாற்றம் வேலையின் நடுவில் வந்தவனுக்கு, பாதி ஏடு ஒரு கையெழுத்திலும் மீதி ஏடு இன்னொரு கையெழுத்திலும் இருக்கிற சுவடி கிடைத்த மாதிரி.

பதிப்பியலில் இதற்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது: பாடபேதம். நாம் செய்யும் ஒவ்வொரு இயங்குதளப் புதுப்பிப்பும் நம் சொந்த வேலைக்குள் ஒரு பாடபேதத்தை நுழைக்கும் சாத்தியம் கொண்டது.

தமிழ்க் கணினிக்கு இது புது அனுபவம் இல்லை. இன்று இருபது வயதில் இருக்கும் வாசகருக்கு யூனிகோட் என்பது காற்று மாதிரி, எப்போதும் இருந்தது. அப்படி இல்லை. பாமினியில் அடித்த ஒரு கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை வரும். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்தது. இணையத் தமிழர்கள் பக்கம் டிஸ்கி ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் கொண்டுவந்தது. 2010ல் அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தப் புயல்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறது. முதலில் ஒரு எழுத்துருவில், பிறகு டிஸ்கியில், பிறகு யூனிகோடில் என்று அதே நூல்களைத் தன்னார்வலர்கள் மாற்றி மாற்றி எடுத்து வைத்தார்கள். ஓலையில் செல் அரிப்பதற்குள் புது ஓலையில் படியெடுத்த பழைய வேலைதான் இது. நன்றி சொல்லிக்கொண்டே ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். படியெடுக்க ஆள் இருந்த நூல் பிழைத்தது. அதே காலத்தில் தனிமனிதர்கள் தங்கள் கணினியில் அடித்து வைத்த எத்தனையோ ஆய்வேடுகளும் நாவல் வரைவுகளும் படியெடுக்க ஆளில்லாமல் சிடியில் கிடக்கின்றன.

*

விண்டோஸைத் திட்டுவது லினக்ஸ்காரர்களின் பொழுதுபோக்கு. நான் அதைச் செய்யப்போவதில்லை, ஏனென்றால் ஒரு விஷயத்தில் விண்டோஸ் மாதிரி பழமையைப் போற்றும் மென்பொருள் கிடையாது. 2001ல் கடைசிப் பதிப்பு வந்த பேஜ்மேக்கரை வைத்து இன்றும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன என்றால், அந்தப் பழைய நிரலை ஓடவிட்ட இயங்குதளத்துக்கு அதில் பங்கு உண்டு. இருபது வருஷப் பழைய மென்பொருளுக்கு இடம் கொடுப்பது சாதாரணக் காரியம் இல்லை.

அதன் பிரச்சினை வேறு. பதிப்பாசிரியர் யார் என்பது. 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ், இனி இதையே மெருகேற்றிக்கொண்டிருப்போம் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையில் பேசினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கணினிகள், பழைய செயலி என்பதாலோ டிபிஎம் 2.0 சில்லு இல்லை என்பதாலோ, புதியதற்குத் தகுதியில்லாமல் போயின. 2018 அக்டோபரில் வெளியான ஒரு புதுப்பிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட, சில நாட்களில் அதை நிறுத்திவைத்தார்கள். எல்லா மென்பொருளிலும் பிழை வரும், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு உறுத்துவது, எப்போது மாறும், எது மாறும் என்று முடிவு செய்யும் உரிமை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மிகக் குறைவு என்பதுதான். புதுப்பிப்பைத் தள்ளிப்போடலாம். மறுக்க முடியாது. வாங்கிய புத்தகத்தில் பதிப்பாளர் ராத்திரியில் வந்து இரண்டு பக்கத்தை மாற்றி ஒட்டிவிட்டுப் போகிற மாதிரி. நல்ல பக்கமாகவே இருக்கட்டும், கேட்டுவிட்டு ஒட்டக் கூடாதா?

ஆப்பிள் கணினியைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. அதில் தமிழ் அழகாகத் தெரியும். விலையை விசாரித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

*

நான் தேர்ந்தெடுத்தது டெபியன். அதைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் புகழுரைகளை விட்டுவிட்டு, ஒரு பதிப்பு முயற்சியாக அது எப்படி என்று மட்டும் பார்க்கிறேன்.

1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் என்கிற மாணவர் தொடங்கியது. கம்பெனி கிடையாது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள். வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி படத்து பொம்மைகளின் பெயர் வைப்பார்கள்: 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு புக்வோர்ம், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு டிரிக்ஸி. எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும் பரிசோதனைக் கிளைக்கு சிட் என்று பெயர். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன். எந்த மென்பொருளும் முதலில் சிட்டில் விழும். அங்கே சில நாள் தாக்குப்பிடித்தால் சோதனைக் கிளைக்குப் போகும். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனைக் கிளையை உறையவைப்பார்கள். புதுசாக எதுவும் உள்ளே வராது, இருப்பதில் உள்ள பிழைகளை மட்டும் மாதக்கணக்கில் திருத்துவார்கள். பிறகுதான் அது ‘ஸ்டேபிள்’. முன்பெல்லாம் தேதியே சொல்ல மாட்டார்கள். 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தபின் அடுத்தது வர 2005 ஜூன் ஆயிற்று.

ஸ்டேபிள் என்று வந்துவிட்டால் அதற்குள் இருக்கும் மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். புக்வோர்மில் லிப்ரே ஆபீஸ் 7.4 என்றால் 7.4தான். வெளியே உலகம் எங்கோ போய்விட்டிருக்கும். ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் புதிய பதிப்பைத் தூக்கிப் போட மாட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைப்பார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ‘பிழை – திருத்தம்’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்குமே, பக்கம் 43, வரி 7, இதை இப்படித் திருத்திப் படிக்கவும் என்று, அது. ஒவ்வொரு மென்பொருளோடும் யார், எந்தத் தேதியில், எதற்காக, எதை மாற்றினார்கள் என்ற குறிப்பு கூடவே வரும். உட்கார்ந்து படிக்கலாம். நான் படித்திருக்கிறேன், தூக்கம் வராத இரவுகளில்.

டெபியனைப் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்கிறவர்கள் பார்க்க வேண்டிய சம்பவம் 2024 மார்ச்சில் நடந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி, அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரித்த ஒருவருக்கு உதவுகிறேன் என்று ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆள் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். அவர் உண்மையில் யார் என்று வெளிவரவில்லை. ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டப்போய் மார்ச் 29ல் அதை அம்பலப்படுத்தினார். அவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்பதை லினக்ஸ் அன்பர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். இடைச்செருகல் என்று நாம் சொல்வோமே, அதன் சுத்தமான உதாரணம் இது. நடை பிசகாமல், யாப்பு கெடாமல், பழைய பாட்டு மாதிரியே எழுதிச் செருகியது. புதுசு புதுசாக உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் சில லினக்ஸ் வகைகளுக்குள் அது நுழைந்துவிட்டது. டெபியனின் சிட்டிலும் சோதனைக் கிளையிலும் நுழைந்தது. ஸ்டேபிளில் இல்லை, அங்கே 5.4.1 என்கிற பழையதுதான் இருந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது விமர்சனம் இல்லை, விளம்பரம். டெபியனின் சொந்தக் கை செய்த கேடு ஒன்றும் உண்டு, அதுவும் பதிப்பியல் வகுப்பில் பாடமாக வைக்கத்தக்கது. ஓபன்எஸ்எஸ்எல் என்கிற மறையாக்க நூலகத்தில் ஒரு வரி சந்தேகத்துக்கு இடமாகத் தெரிந்தது. பிழை தேடும் கருவி ஒன்று, மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தை இது பயன்படுத்துகிறது என்று எச்சரித்தது. 2006ல் டெபியன் பராமரிப்பாளர் அதை ஏட்டுப் பிழை என்று எண்ணி நீக்கினார். அதோடு போன இன்னொரு வரிதான் மறைச்சாவிகளுக்கு வேண்டிய தற்போக்குத்தன்மையை ஊட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் டெபியனில் உருவான சாவிகள், ஒரே வகையிலும் அளவிலும், 32,768க்குள் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்றாயிற்று. பூட்டு போட்ட மாதிரிதான், ஆனால் சாவிக்கொத்து தெருவில் கிடக்கிறது. 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. புரியாத பாடத்தை எளிமையாக்கித் திருத்திவிடும் பதிப்பாசிரியரின் கை எவ்வளவு ஆபத்தானது என்று சுவடியியல்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஸ்டேபிளுக்குள் புகுந்த பிழையும் ஸ்டேபிளாகவே இருக்கும், அதுதான் இதில் உள்ள கொடுமை.

2023 டிசம்பரில் இன்னொன்று. 12.3 என்கிற திருத்த வெளியீட்டின் கருநிரலில், வட்டில் உள்ள தரவைக் கெடுக்கக்கூடிய ஒரு பிழை இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்தது. வெளியீட்டை நிறுத்தி, எல்லோரும் இப்போது புதுப்பிக்காதீர்கள் என்று அறிவித்து, ஒரு நாளில் 12.4 என்று வந்தார்கள். நான் டெபியனை நம்புவது அது தவறாது என்பதற்காக அல்ல. தவறியதை அந்த நிமிஷமே, என்ன, எங்கே என்று ஊரறியச் சொல்வதால்.

உபுண்டுவைக் கேட்பீர்கள். டெபியனிலிருந்து பிறந்தது, நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து வருஷம் உத்தரவாதம், புதியவர்களுக்கு எளிது. ஆனால் ஸ்னாப் என்ற முறையில் அது தரும் மென்பொருள்கள் இயல்பாகவே தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். அப்படியென்றால் நான் எதை விட்டு ஓடிவந்தேனோ அது பின்வாசல் வழியாக வந்துவிட்டது. இலவசம் என்பதே உத்தரவாதம் ஆகிவிடாது என்பதற்கு சென்டோஸ் சாட்சி. 2019 செப்டம்பரில் வந்த அதன் 8ஆம் பதிப்பு 2029 வரை இருக்கும் என்று நம்பிப் பலரும் அதன்மேல் வீடு கட்டினார்கள். 2020 டிசம்பர் 8ல் ரெட் ஹேட் அறிவித்தது: 2021 முடிவோடு நிறுத்தம். ஒரு நிறுவனம் கையில் வைத்திருக்கும் வாக்குறுதி அந்த நிறுவனத்தின் மனசு மாறும்வரைதான்.

*

தமிழ்நாட்டில் டெபியன் வீடு வீடாகப் போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு போஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். போஸ் என்பது சி-டாக் நிறுவனம் 2007ல் வெளியிட்டது, டெபியன் மேல் கட்டியது. அதற்கும் முன்பே உமாசங்கர் எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். நாட்டில் வேறு எத்தனை மாநிலங்களுக்கு இந்தத் துணிச்சல் இருந்தது? எங்கள் ஊர்ப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் கையில் அந்தக் கணினியைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவற்றில் லினக்ஸ் உயிரோடு இருந்தது ரொம்பக் குறைவு. ‘அது எதுக்குண்ணா, அதுல படம் ஓடலை, எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் வெச்சிக்கிட்டேன்’ என்றான் ஒரு பையன். இடம் மிச்சமாயிற்றாம்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டற்ற மென்பொருளைப் பற்றி நாம் எழுதியவற்றில் சுதந்திரம் இருந்தது, தாய்மொழி இருந்தது, பன்னாட்டுக் கம்பெனி எதிர்ப்பு இருந்தது. இவை எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒரு நானூறு பக்கத் தமிழ் ஆய்வேட்டை இதில் முதல் பக்கத்திலிருந்து அட்டை வரை எப்படிச் செய்து முடிப்பது என்று, இடையில் எங்கே முட்டும் என்பதையும் சேர்த்துச் சொன்ன எழுத்து அரிது. கணியம் போன்ற இடங்களில் தொடர்ந்து உழைத்து எழுதுகிறவர்களை விலக்கிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பிரச்சாரம் ஆளைக் கதவு வரை கூட்டிவரும். உள்ளே வந்தவனுக்கு அடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டாமா?

அதனால் எனக்கு எங்கே முட்டியது என்று சொல்கிறேன். உள்ளீடு முட்டவில்லை, ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் போட்டால் தமிழ் 99 விசைப்பலகை வந்துவிடும். எழுத்துருக்களும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. டெஸெராக்ட் என்கிற ஓசிஆர் கருவி தமிழ்த் தரவோடு கிடைக்கிறது. அச்சு சுத்தமாக இருந்தால் நன்றாகவே படிக்கும். பழைய ஈய எழுத்து மங்கிய பக்கங்களில், பழைய ‘ணை’, ‘லை’, ‘றா’ வடிவங்களில் தடுமாறும். அங்கே கையும் கண்ணும்தான். யூனிகோடிலேயே ஒரு கண்ணி இருக்கிறது: ‘ஸ்ரீ’. 2005ல் ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்ததும், அதை வைத்தும் ஸ்ரீ எழுதலாம், பழையபடி ‘ஸ’வை வைத்தும் எழுதலாம் என்றாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் பார்வைக்கு ஒன்று. தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. சொல்லடைவு செய்கிறவனுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். எந்த இயங்குதளமும் இதிலிருந்து காப்பாற்றாது. நாமே ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் மாற்றிவிட வேண்டும்.

உண்மையாக முட்டியது அச்சகத்தில். மாதிரிக்கு ஐம்பது பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு டிடிபி கடைக்குப் போனேன். அவர் பெயரும் கடையும் வேண்டாம், தொழில் தெரிந்த மனுஷன். ‘யூனிகோட்ல குடுத்தீங்கன்னா எங்க ஃபான்டுக்கு மாத்தணும் சார். மாத்தும்போது ஒண்ணு ரெண்டு எழுத்து ஓடிரும். புரூஃப்ல நீங்க பாத்துக்குவீங்கல்ல?’ என்றார். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பதில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும், கண்ணால் பார்க்கிற வரிசை. யூனிகோடில் ‘க’தான் முதலில், உச்சரிப்பு வரிசை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முப்பதாயிரம் சொல் கொண்ட அடைவில் ‘ஒண்ணு ரெண்டு எழுத்து’ என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அச்சுக்கோப்பையும் வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தேன். ஸீடெக் தமிழ் யூனிகோடை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் பிடித்தன, பிழைச்செய்திகள் எல்லாம் கோயில் கல்வெட்டைவிடக் கஷ்டம். ஆனால் மூலம் வெறும் எழுத்துக் கோப்பு. எந்த மென்பொருளும் இல்லாமல் திறந்து படிக்கலாம். அச்சகத்துக்குப் போவது எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎஃப். அதில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கடைக்காரருக்கும் சந்தோஷம்தான். அட்டை மட்டும் அவர் போடுகிறார், அவர் விண்டோஸில், அவர் ஃபான்டில். அட்டையில் எட்டே சொல், ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம்.

நாவல் எழுதுகிறவருக்கோ குறும்படம் வெட்டுகிறவருக்கோ நான் டெபியனைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வீடியோ வேலைக்குப் புதிய வன்பொருள் வேண்டும், புதிய வன்பொருளுக்குப் புதிய கருநிரல் வேண்டும், அங்கே டெபியனின் பொறுமை ஒரு தடை. வெறுமனே எழுதுகிறவருக்கு எதுவானாலும் போதும். கோப்பை எழுத்து வடிவில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் பிரதி எடுத்தால் சரி. பழைய 32-பிட் கணினியை வைத்துக்கொண்டு டெபியன்தான் ஏழைக்கு உறவு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு கெட்ட செய்தி: டிரிக்ஸியில் அவற்றுக்கான நிறுவியும் கருநிரலும் இல்லை. தன்னார்வலர்களின் கையும் எண்ணிக்கைக்கு உட்பட்டதுதான். 69,830 பொதிகளைச் சம்பளமில்லாத ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும்போது எதையாவது கைவிட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் இன்னும் புக்வோர்மில்தான் இருக்கிறேன். நீண்ட கால ஆதரவையும் சேர்த்தால் அது 2028 ஜூன் வரை. டிரிக்ஸி 2030 ஜூன் வரை. ஒரு பழைய கணினியில் டிரிக்ஸியைப் போட்டு வைத்திருக்கிறேன், தொடுவதில்லை. 247 எழுத்துக்கும் எழுத்துக்கு ஒரு வரியாக ஒரு கோப்பு தயார் செய்திருக்கிறேன். ஆய்தம், ஸ்ரீ, கிரந்தம், மெய்யில் முடிவது, மெய்யில் தொடங்குவதாக அச்சாகிவிட்ட தப்பு எல்லாமும் அதில் உண்டு. இரண்டிலும் அதை அடுக்கவிட்டு, வரிசை ஒரு வரிகூட மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் மாறுவேன். இப்போது அடைவு ‘ப’ வரிசையில் நிற்கிறது. பசு, பசுத்துவம், பதி, பந்தம், பாசம் என்று இந்த நூல்களின் பாதி உலகமே அந்த ஒரு எழுத்துக்குள்தான் இருக்கிறது. அது முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.